அரிசி மாவுப் பெருங்காயம்: எட்டு மாதம் புழங்கிய பிறகு

50 கிராம் டப்பா 165 ரூபாய். மளிகைக் கடையில் வழக்கமாக வாங்கும் தூளைவிட ஏறக்குறைய இரண்டு பங்கு விலை. வாசம் அதில் முக்கால்வாசிதான் வரும். மூடியில் இருக்கும் துளைகள் மூன்றாவது வாரமே அடைத்துக்கொள்ளும். இவ்வளவு குறையும் தெரிந்துதான் ஐந்தாவது டப்பாவை வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

எனக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை இந்த மூன்றிலும் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலில் இருக்கும் குடலுறிஞ்சிகளைத் தாக்கி மழுங்கடித்துவிடும், அப்புறம் என்ன சாப்பிட்டாலும் சத்து ஒட்டாது. மருந்து கிடையாது. ஆயுளுக்கும் அந்த மூன்றையும் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம். எனக்கு வயிற்றுப்போக்கு, வாந்தி எதுவும் இல்லை, வெறும் ரத்தசோகை. நாலு வருஷம் இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஆட்டு மண்ணீரல் எல்லாம் தின்று பார்த்தும் ஹீமோகுளோபின் 7.6-ஐ விட்டு நகரவில்லை. கடைசியாகப் பார்த்த டாக்டர்தான் எண்டோஸ்கோபி செய்து குடலில் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

வட இந்தியாவில் இது நூற்றில் ஒருவருக்கு மேல் இருக்கிறது, தெற்கில் ஆயிரத்தில் ஒருவர் அளவுதான் என்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. அதனால் மதுரையில் இந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் ஓடாது. எனக்குக் கொடுத்த உணவுப் பட்டியலே இதற்குச் சாட்சி. ஆங்கிலத்தில் இருந்ததை யாரோ தமிழாக்கி அச்சடித்திருக்கிறார்கள், தவிர்க்க வேண்டியவை என்ற தலைப்பில் "கோதுமை, பார்லி, கம்பு" என்று இருந்தது. ரை என்ற தானியத்தைக் கம்பு ஆக்கிவிட்டார்கள். ஐந்து மாதம் நான் கம்பங்கூழை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சித்திரை வெயிலில் வீட்டில் எல்லோரும் மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டு கூழ் குடிக்க, நான் மட்டும் மோர். கம்பில் குளூட்டனே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

"நாம சோறு திங்கிற ஊரு, இதுல என்ன கஷ்டம்?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, மைதா பிஸ்கட், ஹார்லிக்ஸ் இவற்றை நிறுத்த ஒரு வாரம் போதும். ராகி சேமியா என்று வாங்கினால் அதிலும் கோதுமை கலந்திருக்கும், சோயா சாஸில் கோதுமை உண்டு, இதெல்லாம் போகப் போகப் பழகிவிட்டது. தனி தோசைக்கல், தனி ஜல்லடை. என் கரண்டிகளின் காம்பில் சிவப்பு நெயில் பாலிஷ் புள்ளி.

ஆனால் குளூட்டனை உடம்பு எதிர்ப்பதைக் காட்டும் டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனை அளவு ஆறு மாதத்தில் பாதியாகக் குறைந்துவிட்டு அப்படியே நின்றது. அடுத்த மூன்று மாதமும் அசையவில்லை. உணவு ஆலோசகர் வீட்டில் இருக்கிற ஒவ்வொரு பாக்கெட்டையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். சாப்பாட்டு மேசையில் பரப்பி நாற்பத்திரண்டு படம் எடுத்தேன். பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பெருங்காயம் எங்க?"

பெருங்காயத்தைப் படம் எடுக்கவே இல்லை. அது சாப்பாட்டுக் கணக்கில் வரும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

டப்பாவைத் திருப்பி, அந்த எறும்பு எழுத்தைப் போனில் பெரிதாக்கிப் படித்தேன். அரபிக் பிசின், கோதுமை மாவு, பெருங்காயம். இந்த வரிசையில்தான் இருந்தது. எது எடையில் அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது விதி, ஆக பெருங்காய டப்பாவில் பெருங்காயம்தான் எல்லாவற்றிலும் குறைவு! இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கம் விளையும் ஒரு செடியின் வேரைக் கீறினால் வடிகிற பால்தான் பெருங்காயம். அது தனியாக இருந்தால் காரமும் நெடியும் தாங்காது, கைக்கு அளவும் பிடிபடாது, அதனால் பிசினும் மாவும் சேர்த்துக் கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். தூளும் அப்படித்தான், மஞ்சள் கட்டியும் அப்படித்தான். (நம் நாட்டில் 2020-இல்தான் இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் முதல் கன்று நட்டார்கள். செடி முற்றிப் பால் வடிய ஐந்து வருஷமாவது ஆகும். காலங்காலமாக நம் சாம்பார் வாசம் இறக்குமதிதான்.)

ஒரு சிட்டிகை என்ன செய்துவிடும்? நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கால் தேக்கரண்டி தூள் அரை கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். அதில் மிஞ்சிப்போனால் பாதி கோதுமை மாவு, மாவில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று வைத்தால் சுமார் 30 மில்லிகிராம். இரண்டு லிட்டர் சாம்பாரில் கரைந்தால் லிட்டருக்கு 15. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் "குளூட்டன் இல்லாதது" என்று போட்டுக்கொள்ள அனுமதிக்கும் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அப்பாடா, தப்பித்தோம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எங்கள் அத்தையின் கை கால் தேக்கரண்டியில் நிற்கிற கை இல்லை. அதோடு சாம்பாரில் மட்டுமா போடுகிறோம்? ரசம், கூட்டு, மோர், இட்லிப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், முறுக்கு, உளுந்து வடை, எல்லாவற்றிலும் தினமும் மூன்று வேளை. தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் போனாலே மூன்று மாதத்தில் குடலில் சேதம் தெரிகிறது என்று 2007-இல் வந்த ஓர் ஆய்வு இருக்கிறது. என் டாக்டர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "வேண்டாம்."

இப்படித்தான் இந்த அரிசி மாவுப் பெருங்காயத்துக்கு வந்து சேர்ந்தேன்.

முதலில் வாசம். டப்பாவைத் திறந்து முகர்ந்தால் குறை தெரியாது. ரசத்தில் தெரியும். அத்தை நம்பவில்லை, சோதித்துப் பார்க்கலாம் என்றார். ஒரே புளித்தண்ணீரை இரண்டு பாத்திரத்தில் பிரித்து, ஒன்றில் பழைய தூள், ஒன்றில் இது, இரண்டையும் டம்ளரில் ஊற்றிக் கொண்டுபோய் நீட்டினேன். குடிக்கக்கூட இல்லை, மூக்குப் பக்கம் கொண்டுபோய்விட்டு "இது சவம் மாதிரி கெடக்கு" என்று இதைத் தள்ளிவிட்டார். அப்புறம் நாங்களே கண்டுபிடித்த வழி: இறக்கும்போது மேலே தூவினால் இது எடுபடாது, எண்ணெய் காய்ந்ததும் அடுப்பைக் குறைத்துவிட்டு கடுகுக்கு முன்னால் போட வேண்டும், பொரிந்து நுரைத்த உடனே மற்றதைப் போட்டுவிட வேண்டும். மூன்று விநாடி தாமதித்தால் அடியில் கருகிக் கசக்கும். அளவும் ஒன்றரை மடங்கு. இப்படிச் செய்தால் சாம்பாரில் வித்தியாசமே தெரியாது, ரசத்தில் கொஞ்சம் தெரியும், மோரில் நன்றாகவே தெரியும். மோருக்கு மட்டும் இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மாற்று உண்டா என்றால் உண்டு. பால் பெருங்காயம், மாவு கலக்காத அசல். கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடை ஒன்றில் 10 கிராம் வாங்கினேன். கடுகளவு போதும், வாசம் தெரு முனை வரை போகும், அத்தைக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, அவர் அம்மா சமையல் மாதிரி இருக்கிறதாம். ஆனால் அது பொட்டலத்தில் மடித்துக் கொடுத்தது. அட்டை இல்லை, அச்சு இல்லை. எதில் கலந்தது, பக்கத்துத் தராசில் என்ன இருந்தது, யாருக்குத் தெரியும்? "அசல்தாம்மா" என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். என் குடலுக்குச் சத்தியம் செரிக்காது. மூடி முத்திரையிட்டு, சேர்மானம் அச்சடித்த அசல் பெருங்காயம் இணையத்தில் கிடைக்கிறது, விலையைப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். தினப் புழக்கத்துக்கு அரிசி மாவு கலந்ததுதான் கட்டும்.

மூடி விஷயத்துக்கு வருகிறேன், இதைத் தயாரிக்கிறவர்கள் தயவுசெய்து கவனிக்கவும். ஆறு சின்னத் துளை, கொதிக்கிற சாம்பாருக்கு மேலே கவிழ்த்தால் ஆவி பட்டு மாவு கெட்டியாகி அடைத்துக்கொள்கிறது. ஊக்கால் குத்திக் குத்தி நான் சமாளித்தேன். அத்தை என்ன செய்தார் தெரியுமா, பாதித் தூளை எடுத்துத் தன் பழைய பெருங்காய டப்பாவில் கொட்டிக்கொண்டார். இருபது வருஷம் புழங்கிய டப்பா, மூடி நன்றாக இருக்கிறதே என்று. காலிப் பெருங்காய டப்பா என்று ஆளைக் கேலி செய்வோமே, வெறும் வாசம்தான் மிச்சம் என்ற அர்த்தத்தில். எங்கள் வீட்டுக் காலி டப்பாவில் வாசத்தோடு மூலையில் ஒட்டிய மைதாவும் மிச்சம் இருந்தது. பத்து நாள் கழித்துத்தான் பார்த்தேன். கோபப்படவும் முடியவில்லை, எனக்காக அந்த மனுஷி கோதுமை அல்வாவையே வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று தன் மகனுக்குச் சட்டம் போட்டவர். அந்த டப்பா இப்போது ஊசி நூல் டப்பா.

இதில் நான் கற்றுக்கொண்டது, எனக்கென்று தனி பெருங்காயம் வைத்துக்கொள்கிற யோசனையே சரிப்படாது என்பது. முதல் இரண்டு மாதம் அப்படித்தான் செய்தோம். எனக்குத் தனியாக ஒரு கிண்ணம் சாம்பார், தனியாக ரசம். அத்தையோடு நானும்தான் சமைக்கிறேன், நானே எனக்கு நோயாளிச் சாப்பாடு சமைத்து, நானே ஓரமாக வைத்துச் சாப்பிட்டேன். கரண்டி மாறிப்போகும், மகன் என் கிண்ணத்தில் அவன் கரண்டியை விடுவான், நான் கத்துவேன், அவன் அழுவான். மொத்த வீட்டுக்கும் இதையே மாற்றினபோதுதான் சத்தம் அடங்கியது. மாதம் கொஞ்சம் கூடச் செலவாகும், ஆகட்டும். ஒரே சட்டியில் எல்லோரும் சாப்பிடுகிறோம். என் வீட்டுக்காரருக்குப் பரோட்டா இல்லாமல் முடியாது, அது வெளியே, கடையில், கையும் வாயும் கழுவிவிட்டு வீட்டுக்கு வரலாம்.

வீட்டுக்குள் இப்படி. வெளியேதான் கூத்து.

நாத்தனார் மகள் கல்யாணம் போன தை மாதம். முந்தின நாள் சாயந்திரமே டப்பாவும் கையுமாக மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் போனேன். மாஸ்டர் அறுபது வயசு இருக்கும், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பூசணிக்காய் நறுக்குகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "பெருங்காயத்துல கோதுமையா? நாப்பது வருஷமா அடுப்புல நிக்கிறேன் தாயி, என்கிட்டயே சொல்றீக." நான் பதில் பேசாமல் அவர் பக்கத்தில் இருந்த பெரிய டப்பாவை எடுத்துச் சேர்மானம் இருக்கிற பக்கத்தைத் திருப்பி நீட்டினேன். சட்டைப் பையில் இருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டு, கையை எட்டுகிற தூரம் நீட்டி, உதடு அசைய அசையப் படித்தார். ரெண்டு தடவை படித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி "அட..." என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நறுக்குகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஆயிரம் பேருக்கான சாம்பாரை எனக்காக மாற்ற முடியாது, நான் கேட்கவும் இல்லை. அவராகவே சொன்னார், ரசத்துக்குக் கடைசியில்தான் பெருங்காயம் போடுவேன், அதுக்கு முன்னாடி ஒரு தூக்குவாளியில எடுத்துத் தர்றேன், உங்க டப்பாவைத் தாங்க. பொரியல், தயிர், சோறு பயமில்லை. அவியல் பயமில்லை. சாம்பார், மோர்க்குழம்பு, ஊறுகாய், வடை, அப்பளம் வேண்டாம். பாயசம் சேமியா, கேட்கவே வேண்டாம். லட்டு கடலை மாவுதான், ஆனால் பாதுஷா பொரித்த எண்ணெயிலேயே பூந்தி தேய்த்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

பந்திக்கு முந்து என்று பெரியவர்கள் சொன்னது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் என்று நினைக்கிறேன். முதல் பந்தியில் வாளிகளும் கரண்டிகளும் இன்னும் கலந்திருக்காது. மூன்றாவது பந்தியில் சாம்பார்க் கரண்டி பொரியலுக்குள் கிடக்கும். முதல் பந்தியில் ஓரத்து இலை பார்த்து உட்கார்ந்தேன். அப்படியும் சாம்பார் வாளிப் பையன் மின்னல் மாதிரி வந்தான், நான் இலை மேல் கையை நீட்டி மறைப்பதற்குள் கை மேலேயே ஊற்றிவிட்டான். சுடச்சுட. எதிரே இருந்த பெரியம்மா ஒருத்தர், "ஒரு கரண்டிதானத்தா, ஒண்ணும் ஆகாது, சாப்பிடு" என்றார். பக்கத்தில் இருந்தவர், "சுகரா? கோதுமை சுகருக்கு நல்லதாச்சே." இன்னொருத்தர் நான் பாயசத்தையும் வடையையும் தள்ளியதைப் பார்த்துவிட்டு என் காதோரம் குனிந்து "ஏதும் விசேஷமா?" என்று கேட்டார். நாற்பத்தொரு வயசில்!

சீலியாக், குளூட்டன் என்றெல்லாம் பந்தியில் விளக்கிப் பிரயோஜனம் இல்லை. "டயட்" என்று சொல்லவே கூடாது, சொன்னால் மெலிந்துதானே இருக்கிறாய் என்று இன்னொரு கரண்டி விழும். "கோதுமை பட்டா ரத்தம் ஊறாது" என்று ஒரே வரி வைத்திருக்கிறேன். ரத்தம் என்றால் நம் ஆட்கள் கையை எடுத்துவிடுவார்கள். உடனே அவரவர் வீட்டு ரத்தசோகைக் கதை ஆரம்பிக்கும், அதற்குள் நான் ரசம் சாப்பிட்டு முடித்துவிடுவேன்.

ஒரு விசித்திரம் சொல்கிறேன். சைவப் பந்தியைவிடக் கிடா விருந்து எனக்குப் பாதுகாப்பு. கறிக்குழம்பில், சுக்காவில், ரத்தப் பொரியலில் எங்கள் பக்கம் யாரும் பெருங்காயம் போடுவதில்லை. மிளகாய், மல்லி, சீரகம், தேங்காய், சோறு. மசாலாவை வீட்டில் இடித்தார்களா, பாக்கெட்டா என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். ஆடி மாதம் குலசாமி கோயிலில் நான்தான் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். புரட்டாசி வந்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். கோயில் புளியோதரையை வேண்டாம் என்று சொல்ல முடியாது, கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றி மகனிடம் கொடுத்துவிடுவேன்.

பெருங்காயத்தை மாற்றினதால்தான் எனக்குச் சரியாயிற்றா? நேர்மையாகச் சொன்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அதே மாதம்தான் மாவு மில்லையும் விட்டோம். கேழ்வரகு அரைக்கக் கொடுத்தால் முன்னால் ஓடினது யாருடைய கோதுமையோ, அந்த மாவு என் மாவில் சேரும். "எது மேல அரைக்கிறீங்க?" என்று கேட்டால் மில்காரர் "பச்சரிசி மேலதான்" என்பார், ஆனால் இயந்திரத்தின் வாய் வேறு நிறம் சொல்லும். இப்போது வீட்டிலேயே சின்ன அரவை இயந்திரம். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்திருக்கும். ஆறு மாதம் கழித்து எடுத்த டிடிஜி இயல்பு அளவுக்கு வந்துவிட்டது, ஹீமோகுளோபின் 11.8.

யார் வாங்கலாம்: வீட்டில் ஒருத்தருக்காவது சீலியாக் என்று பரிசோதனையில் உறுதியானவர்கள். சும்மா வயிறு உப்புசம் என்று கோதுமையை நிறுத்திப் பார்க்கிறவர்களுக்கு இந்தச் செலவு வேண்டாம், முதலில் போய்ப் பரிசோதனை எடுங்கள், அதுவும் கோதுமையை நிறுத்துவதற்கு முன்னாலேயே. நிறுத்திவிட்டுப் போனால் பரிசோதனையில் பிடிபடாமல் போகலாம்.

பிராண்டுப் பெயர் என்ன என்று கேட்பீர்கள். வேண்டுமென்றேதான் போடவில்லை. இதே கம்பெனி இரண்டு நிற மூடியில் தூள் விற்கிறது, ஒன்றில் அரிசி மாவு, இன்னொன்றில் கோதுமை மாவு. பெயரை மட்டும் நம்பி என் தம்பி ஒரு தடவை மாற்றி வாங்கி வந்துவிட்டான். அதனால் மூடியைப் பார்க்காதீர்கள், பெயரைப் பார்க்காதீர்கள், திருப்பிச் சேர்மானத்தைப் படியுங்கள், ஒவ்வொரு தடவையும். போன வாரம் வந்த ஐந்தாவது டப்பாவில் "அரிசி மாவு" என்று இருந்த இடத்தில் "உண்ணத்தக்க மாவுப்பொருள்" என்று மாற்றியிருக்கிறார்கள். எந்த மாவு என்று இல்லை. கோதுமை என்றால் ஒவ்வாமை எச்சரிக்கை தனியாகப் போட்டிருக்க வேண்டும், அது இல்லை, ஆக அரிசியாகத்தான் இருக்கும். இருந்தாலும் மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறேன், ஒன்பது நாள் ஆகிறது. நாலாவது டப்பாவில் இன்னும் இரண்டு விரல் உயரம் தூள் இருக்கிறது. அத்தையிடம் சொல்லியிருக்கிறேன், கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கச் சொல்லி.